வருமா, வராதா?

காலை மணி எட்டரை. சென்னை மயிலாப்பூர் லஸ் முனையில் நாற்பது பேர் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். ஒருவர் தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நிற்கும் குமாஸ்தா. அவருடைய ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில். ஒன்பதரைக்குள் விரல் ரேகை இயந்திரத்தில் விரலை வைத்தாக வேண்டும். மூன்று நாள் தவறினால் அரை நாள் விடுமுறை போய்விடும். அவருக்குப் பக்கத்தில், இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு மூன்றாவது வீட்டுக்குப் புறப்பட்ட ஓர் அம்மாள். சற்றுத் தள்ளிக் கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர்.

பெரம்பூருக்கும் பெசண்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி பஸ் சென்னைவாசிகளுக்கு நன்கு பழக்கமானது. குமாஸ்தா எதிர்பார்ப்பது அதைத்தான். பத்து நிமிஷம் ஆகிறது, வரவில்லை. பதினைந்து ஆகிறது. "இப்போதுதான் ஒன்று போயிற்று, சார்" என்று பூக்காரி சொல்கிறாள். இருபதாவது நிமிஷத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று, "ஜெமினி, ஜெமினி" என்று கூவுகிறது. பையைத் தடவிப் பார்த்துவிட்டு மூன்று பேர் ஏறிக்கொள்கிறார்கள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் வருகிறது 29சி. ஒன்றல்ல, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று! முதல் பஸ்ஸில் படிக்கட்டுவரை ஜனங்கள் தொங்குகிறார்கள். மூன்றாவது பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைகள்கூடக் காலி.

"ஜனங்கள் ஏன் பஸ்ஸில் வராமல் ஆளுக்கொரு ஸ்கூட்டர் வாங்கித் தெருவை அடைக்கிறார்கள்?" என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. அதற்குப் பதில் அநேகமாக அந்த இருபத்தைந்து நிமிஷத்திலேயே இருக்கிறது.

மூன்றும் சேர்ந்து வருவானேன்?

மூன்று பஸ் ஒன்றாக வருவதைக் கண்டால் ஓட்டிகள் டீக்கடையில் பேசி வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. 1964-ம் வருஷம் நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் இந்த விஷயத்தை ஆராய்ந்து எழுதினார்கள். முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிஷம் தாமதித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்துவிடுவார்கள். அவர்களை ஏற்றுவதில் மேலும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ, முன்னது வாரிக்கொண்டு போய்விட்டதால் ஆளே இல்லை. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. அது வேகமாக ஓடி வந்து முன்னதன் முதுகைப் பிடித்துவிடுகிறது. யாருடைய குற்றமும் இல்லாமல் இது நடக்கும். ஆனால், யாரும் கவனிக்காவிட்டால் இது தானாகச் சரியாவதும் இல்லை.

இதனால் பிரயாணிக்கு வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஆறு பஸ் ஒழுங்காகப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரி ஐந்து நிமிஷம் காத்திருப்பார். அதே ஆறு பஸ் மும்மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் சராசரி பதினைந்து நிமிஷம். பஸ்ஸின் எண்ணிக்கை மாறவில்லை. டீசலும் கண்டக்டர் சம்பளமும் மாறவில்லை. டிப்போவின் கணக்குப் புத்தகத்தில் 'மணிக்கு ஆறு நடை' என்று சரியாகவே எழுதியிருக்கும். வெயிலில் நிற்பவருக்கு மட்டும் ஐந்து பதினைந்தாகிவிட்டது.

நேரத்துக்குப் போயே தீர வேண்டியவரின் பாடு இன்னும் மோசம். அவர் சராசரியை நம்பி வீட்டை விட்டுப் புறப்பட முடியாது. வரக்கூடிய மிக மோசமான நாளை மனத்தில் வைத்துத்தான் புறப்பட வேண்டும். ஒழுங்காக வரும் பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்தால் போதும். சேர்ந்து வரும் பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாக வர வேண்டும். அந்த அரை மணியில் குழந்தைக்குத் தலை வாரியிருக்கலாம். நின்றுகொண்டே விழுங்கிய இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிஷமும், பஸ் வருமா வராதா என்று தெரியாமல் தெருவில் நிற்கும் ஒரு நிமிஷமும் மனிதனுக்குச் சமமல்ல. காத்திருக்கும் நிமிஷம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கனக்கிறது என்பது பல தேசங்களில் போக்குவரத்து நிபுணர்கள் கண்ட முடிவு. நிழல் இல்லாவிட்டால் இன்னும் கனக்கும். ஆகவேதான், பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று அறிவிக்கும் பலகை ஒன்றை வைத்தாலே, பஸ் ஒரு நிமிஷம்கூட முந்தி வராதபோதும், ஜனங்களுக்குப் பாதி பாரம் இறங்கினாற் போல் இருக்கிறது. சென்னையில் 2022-ம் வருஷம் முதல் பஸ் எங்கே வருகிறது என்று கைத்தொலைபேசியில் பார்க்கும் வசதி ஏற்பட்டது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். பூக்காரியின் வார்த்தையை நம்பி நிற்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

டிராம் போன கதை

சென்னைக்கு இது புதிய பாடமல்ல. 1895-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி இந்த ஊரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. லண்டனில் உள்ளவர்களே குதிரை டிராமில் போய்க்கொண்டிருந்த காலம் அது! ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த வண்டிகள் மணியடித்துக்கொண்டு மயிலாப்பூர் வரை வந்து போயின. ஆனால் பஸ்கள் பெருகியதும், தண்டவாளத்தை விட்டு விலக முடியாத டிராமினால் அவற்றோடு போட்டியிட முடியவில்லை. முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் வரிசையாக நிற்க வேண்டியதுதான். பஸ் ஒதுங்கிப் போய்விடும். பிரயாணிகள் ஒவ்வொருவராக மாறினார்கள். கம்பெனி நஷ்டத்தில் மூழ்கியது. 1953-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 12-ந் தேதியோடு டிராம் நின்றுவிட்டது. நின்ற பிறகு அதை நினைத்து உருகியவர்கள் ஏராளம். ஓடியபோது அவர்களில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும்.

அதே ஊரில், 1931-ம் வருஷம் பீச் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓட ஆரம்பித்த மின்சார ரயிலுக்கு நேர்மாறான அனுபவம். தாம்பரம் அப்போது பட்டணத்திலிருந்து வெகு தூரத்துக் கிராமம். ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதை நம்பி ஜனங்கள் தண்டவாளத்தின் இரு பக்கமும் மனை வாங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள். குரோம்பேட்டையும் பல்லாவரமும் இன்றிருக்கும் நிலைக்கு வந்ததில் அந்த ரயிலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2004-ம் வருஷம் ஜூலையில் பழைய மீட்டர் கேஜ் வண்டி விடைபெற்று அகலப்பாதை வந்தது. கூட்டத்தில் நசுங்கினாலும் அந்த மார்க்கத்தார் ரயிலை விடுவதாக இல்லை. நெரிசலை அவர்கள் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், ஒரு வண்டி போனால் அடுத்தது எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மாடிப்படி ஏறிய ரயில்

லஸ் முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருமயிலை நிலையம் ஒரு கோட்டை போல நிற்கிறது. 'பறக்கும் ரயில்' என்று ஜனங்கள் பெயர் வைத்த உயர்பாதை ரயில் 1995-ம் வருஷம் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-ல் மயிலாப்பூர் வரையும், 2007-ல் வேளச்சேரி வரையும் வந்தது. தெருவின் நெரிசலுக்கு மேலே, சிக்னல் தொல்லை எதுவும் இல்லாமல் போகிற வண்டி. டிக்கெட்டும் மிக மலிவு. ஆயினும் பல வருஷங்கள் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

காரணம் வண்டியில் இல்லை. வண்டிக்குப் போகும் வழியில் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே பாதை போனதால் பல நிலையங்கள் கடைவீதியையும் பஸ் நிறுத்தத்தையும் விட்டு ஒதுங்கி நின்றன. உள்ளே நுழைந்தால் பிரும்மாண்டமான ஆளில்லாத கூடங்கள், எரியாத விளக்குகள், அடுக்கடுக்காகப் படிக்கட்டுகள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தனியாக ஒரு பெண் அந்தப் படியில் ஏறத் தயங்கினால் அவளைக் குறை சொல்ல முடியுமா? ஐந்து ரூபாய் டிக்கெட்டை விட்டுவிட்டு ஐம்பது ரூபாய் ஆட்டோவில் போனவர்கள் பணத்தின் அருமை தெரியாதவர்கள் அல்ல. இருட்டுக்கு ஒரு விலை உண்டு. அதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். பிரயாணம் என்பது பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறும்போது ஆரம்பிப்பதாகக் கட்டுகிறவர்கள் நினைக்கிறார்கள். போகிறவர்களுக்கு அது வீட்டு வாசற்படியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

2023-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் வெளியூர் பஸ்களுக்கான பெரிய நிலையத்தைத் திறந்தபோதும் இதே கதைதான். கட்டடம் விசாலம், சுத்தம், எல்லாம் உண்டு. ரயில் நிலையம் மட்டும் பக்கத்தில் இல்லாமலே திறந்தார்கள். திருச்சியிலிருந்து ஐந்து மணி நேரத்தில் வந்தவர், பெட்டி படுக்கையுடன் அங்கிருந்து வீடு போய்ச் சேருவதற்குப் பட்ட பாட்டை அப்போது பத்திரிகைகள் எல்லாம் எழுதின.

ஐந்து ரூபாய் உயர்ந்தால்

கட்டணம் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. 2018-ம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி தமிழ்நாட்டில் பஸ் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தது. சென்னைச் சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்ச டிக்கெட் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாயிற்று. அடுத்த சில நாட்களிலேயே மின்சார ரயில் நிலையங்களில் வரிசை நீண்டது. ரயில் இருக்கும் ஊர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு ரயிலுக்குப் போனார்கள். ரயில் இல்லாதவர்களில் பலர் நண்பரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார்கள். மாத முடிவதற்குள் சர்க்கார் கட்டணத்தைச் சிறிது குறைத்தது. ஆனால் போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை.

கட்டணத்தை நூற்றுக்குப் பத்து உயர்த்தினால் நூற்றுக்கு மூன்று பிரயாணிகள் குறைவார்கள் என்று அமெரிக்க நகரங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. அதைப் பார்த்து, நூற்றுக்கு மூன்று பேர்தானே என்று கஜானாக்காரர்கள் சந்தோஷப்படுவது வழக்கம். அந்தக் கணக்கு சில மாதங்களுக்குள் நடப்பதைத்தான் சொல்லும். சில வருஷங்கள் போனால் ஸ்கூட்டர் வாங்கியவர்களும் வீடு மாறியவர்களும் சேர்ந்து எண்ணிக்கை இன்னும் ஏறும்.

மெட்ரோ ரயிலின் கதையும் கவனிக்கத் தக்கது. 2015-ம் வருஷம் ஜூன் 29-ந் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடத் தொடங்கியபோது அந்த முழுத் தூரத்துக்கு டிக்கெட் 40 ரூபாய். குளிர்சாதனம், பளிங்குத் தரை, நிமிஷம் தவறாத வண்டி எல்லாம் இருந்தும் பெட்டிகள் காலியாக ஓடின. ஜனங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். பாதை சிறிது சிறிதாக நீண்டு விமான நிலையத்தையும் சென்டிரலையும் வண்ணாரப்பேட்டையையும் தொட்டது. 2021-ம் வருஷம் பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. தொற்று நோய்க்காலம் முடிந்த பின் 2022-ல் 6 கோடிப் பேருக்கு மேல் போனார்கள். 2024-ல் 10 கோடியே 52 லட்சம். குமாஸ்தாக்களும் இப்போது போகிறார்கள். வேடிக்கை பார்க்க அல்ல.

வெள்ளை போர்டும் இளஞ்சிவப்பும்

லஸ் முனையில் நின்ற அந்த அம்மாளை மறந்துவிடக் கூடாது. அவரைப் போன்றவர்களை நிபுணர்கள் 'வேறு வழியில்லாத பிரயாணி' என்று ஒரு கட்டத்தில் போட்டு மூடிவிடுகிறார்கள். பஸ் எப்படி இருந்தாலும் அவர்கள் வந்துதான் ஆக வேண்டும் என்பது எண்ணம். இதைப் போன்ற தவறான எண்ணம் வேறில்லை.

2000-ம் வருஷத்துக்குப் பிறகு, கால்வாய்க் கரையிலும் கூவக் கரையிலும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். பெரும்பாக்கம் மயிலாப்பூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வேலை செய்யும் வீடுகளோ மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும்தான். காலை ஆறரைக்குப் பாத்திரம் தேய்க்க வர வேண்டுமானால் ஐந்து மணிக்கு முன் பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் பஸ் வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. 'வேறு வழியில்லாத பிரயாணி' ஸ்கூட்டர் வாங்கவில்லை என்பது உண்மை. அவர் வேலையை விட்டார். பஸ் கம்பெனிக் கணக்கில் ஒரு டிக்கெட் குறைந்தது. ஒரு வீட்டில் இரண்டு சம்பளம் ஒன்றாயிற்று.

2021-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமாயிற்று. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. மூன்று வீட்டு வேலைக்காரிக்கு 888 ரூபாய் என்பது அரிசிக்கும் கேஸுக்கும் உள்ள வித்தியாசம். நடந்தே போனவர்கள் பஸ் ஏறினார்கள். தூரத்து வேலையை மறுத்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் சில ஓட்டிகள் நிறுத்தாமல் போகிறார்கள் என்று புகார் கிளம்பியதும் உண்டு. அது வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

இலவசத்திலும் காத்திருப்பின் கணக்கு வந்து நிற்கிறது. சென்னையில் பஸ்கள் பல ஜாதி. வெள்ளை போர்டு சாதாரணம். மற்றவற்றுக்குக் கூடுதல் கட்டணம். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று 2022-ல் இலவச பஸ்களுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்புச் சாயம் பூசினார்கள். டீலக்ஸ் பஸ் வந்து, கதவைத் திறந்து, காலியாகப் போகும். "அக்கா, பின்னாடி பிங்க் வருது, நில்லுங்க" என்று ஒரு பெண் இன்னொருத்தியைத் தடுப்பாள். பின்னாடி வருவது எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது. கையில் இருபது ரூபாய் இருப்பவர் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார். இல்லாதவர் நேரத்தைச் செலவழிக்கிறார். டிக்கெட் இலவசமானாலும் நேரம் இலவசமாகவில்லை.

ஸ்கூட்டரின் கணக்கு

குமாஸ்தாவின் மனத்தில் ஓடும் கணக்கு வேறு. லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போகும் வண்டி. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். மனைவியையும் வழியில் இறக்கிவிட்டால் ஆளுக்கு ஒரு ரூபாய். பஸ் டிக்கெட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, காத்திருப்பது மிச்சம். வண்டி வாங்கிய பிறகோ தவணை எப்படியும் கட்டியாக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்ப்பது பெட்ரோல் செலவை மட்டும்தான். அதனால்தான் ஒருமுறை பஸ்ஸை விட்டவரை மறுபடி பஸ்ஸுக்கு அழைத்து வருவது இத்தனை கஷ்டமாக இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் பாஸ் எடுத்தால் இஷ்டம் போல் எத்தனை பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற நல்ல ஏற்பாடு சென்னையில் உண்டு. ஏறுவதற்குப் பஸ் வர வேண்டுமே!

1970-ம் வருஷம் சென்னையில் நடந்த நூறு பிரயாணங்களில் ஏறக்குறைய நாற்பது பஸ்ஸில் நடந்தன; மோட்டார் பூட்டிய இருசக்கர வண்டியில் இரண்டுதான். 2008-ல் பஸ் 26, இருசக்கர வண்டி 25. இடைப்பட்ட காலத்தில் வருமானமும் உயர்ந்தது, வண்டிகளும் மலிந்தன என்பது மெய்யே. ஆனால் பணம் வந்தவர்கள் எல்லோருமே பஸ்ஸை விட்டு ஓடித்தான் ஆக வேண்டும் என்ற விதி இல்லை. சீமையில் கோட்டு சூட்டுப் போட்ட பாங்கி அதிகாரிகள் தினமும் பஸ்ஸிலும் பாதாள ரயிலிலும் போகிறார்கள்.

ஸ்கூட்டரின் கணக்கில் குமாஸ்தா சேர்க்காத ஒரு செலவு இருக்கிறது. 2022-ம் வருஷம் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். பஸ் பிரயாணிகள் அதில் மிகச் சிலரே. நிறுத்தத்தில் இருபத்தைந்து நிமிஷம் நிற்கும் மனிதனுக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வராது. வீட்டில் காத்திருப்பவர்களுக்குத்தான் சில சமயம் வரும், அதுவும் இரவு ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டால்.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. 2025-ம் வருஷம் ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பஸ்கள் புறப்பட்டன. முழங்கால் வலிக்காரர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் அவற்றில் ஏற முடிகிறது. அதே வருஷம் செப்டம்பரில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே டிக்கெட் வாங்கும் ஏற்பாடு கைத்தொலைபேசிக்கு வந்தது. பெரிய பணம் கேட்காத காரியங்களும் உண்டு. முனையில் ஒரு ஆளை நிறுத்தி, சேர்ந்து வரும் பஸ்களில் ஒன்றை நாலு நிமிஷம் பிடித்து வைத்து அனுப்பலாம். பழைய நாளில் கையில் கடிகாரத்துடன் நேரக்காப்பாளர் ஒருவர் மரத்தடியில் நிற்பாரே, அவர் செய்த வேலைதான்.

லஸ் முனையில் அன்று வந்த மூன்று 29சி பஸ்களில் குமாஸ்தா முதல் பஸ்ஸில்தான் தொற்றிக்கொண்டார். அடுத்தது நிற்குமோ நிற்காதோ என்ற பயம். ஒன்பது நாற்பத்திரண்டுக்கு விரலை வைத்தார். மத்தியான்னம் சாப்பாட்டு வேளையில் பக்கத்து மேஜைக்காரரிடம், "உங்கள் வண்டிக்கு முன்பணம் எவ்வளவு கட்டினீர்கள், சார்?" என்று விசாரித்தார். அந்த அம்மாள் மூன்றாவது பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தப் பார்த்தார். இளஞ்சிவப்புதான். முன்னால் போன இரண்டையும் பிடித்துவிடும் அவசரத்தில் அது நிற்காமல் போய்விட்டது.